மார்கழிக் குளிரில் 200 கிலோமீட்டர்: குடியாத்தத்துக்காரருக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 42. கியர் வைத்த எம்.டி.பி. (மவுன்டன் பைக் என்கிற மலைப்பாதை) சைக்கிள், வாரத்தில் மூன்று நான்கு நாள் காலையில் 30 கி.மீ. ஓட்டுகிற பழக்கம். அலுவலக நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஜனவரி முதல் வாரத்தில் வேலூரிலிருந்து கிளம்பி, பர்கூரை ஒட்டித் திரும்பி வரும் 200 கி.மீ. பிரெவேக்கு, அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு, பெயர் கொடுத்திருக்கிறார்கள், இவரையும் இழுக்கிறார்கள். என்னால் முடியுமா, எம்.டி.பி. போதுமா, குளிருக்கு என்ன செய்வது, குழு விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன ஆவது என்பவை அவர் கேள்விகள். ‘நெடுஞ்சாலையில் தனியாக விடமாட்டேன், மச்சானோடு காரில் பின்னாலேயே வருவேன்’ என்று வீட்டில் சொல்கிறார்களாம், அதற்கும் வழி கேட்கிறார்.

முடியும். இன்னும் ஏழெட்டு வாரம் கையில் இருக்கிறது, அது போதும். ஆனால் உங்கள் கேள்விகளில் இல்லாத ஒன்றுதான் 200இல் ஆளைக் கவிழ்க்கிறது. காலும் இல்லை, குளிரும் இல்லை, நிற்கிற நேரம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரெவே என்பது பந்தயம் அல்ல. பிரான்சிலுள்ள ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிப்படி, நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா ரேண்டோனர்ஸ் வழியாக நடக்கிறது. 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம். அதற்குள் வந்தால் முடித்தவர். ஒன்பது மணி நேரத்தில் வந்தவருக்கும் பதிமூன்றேகாலில் வந்தவருக்கும் ஒரே சான்றுதான், முதல் இடம் இரண்டாம் இடம் எல்லாம் கிடையாது. நடுவில் நீங்கள் வந்த நேரத்தைப் பதியும் கட்டுப்பாட்டு மையங்கள் உண்டு, எல்லாரும் ‘கன்ட்ரோல்’ என்றே சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் மூடும் நேரம் பெரும்பாலும் மணிக்கு 15 கி.மீ. கணக்கில் வரும். ஆக 100ஆவது கிலோமீட்டர் கன்ட்ரோலுக்கு 6 மணி 40 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் பகல் 12:40.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓடும்போது சராசரி 20 கி.மீ. என்றால் 200க்குப் பத்து மணி நேரம், மீதி மூன்றரை மணி. சராசரி 18 என்றால் ஓட்டமே பதினொரு மணி நேரத்தைத் தாண்டும், மீதி இரண்டரை மணிகூட இல்லை. சாப்பாடு, தண்ணீர், சிறுநீர், பஞ்சர், கன்ட்ரோல், போட்டோ எல்லாம் அதற்குள்தான். எட்டுப் பேர் சேர்ந்து டீக்கடையில் நின்றால் என்ன நடக்கும்? ஹெல்மெட் கழற்ற ஒரு நிமிடம். ‘எனக்குச் சர்க்கரை கம்மி’ என்று எட்டு விதமாகச் சொல்ல இரண்டு நிமிடம். டீ வருவதற்குள் ஒருவர் ஒதுங்கப் போயிருப்பார். அவர் வந்ததும் இன்னொருவருக்கு வீட்டிலிருந்து போன். பாதிப் பேர் ஏறி உட்கார்ந்த பிறகு ஒருவருக்குக் கிளவுஸ் காணவில்லை. பத்து நிமிட டீ இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. ஒவ்வொரு இடத்திலும் தாமதம் செய்கிறவர் வேறு வேறு ஆள், அதனால் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. இப்படி ஆறு முறை நின்றால் உங்கள் இரண்டரை மணி நேரம் தீர்ந்தது.

அதனால் கிளம்புவதற்கு முதல் நாளே குழுவில் ஒரு பேச்சு முடித்துக்கொள்ளுங்கள்: பஞ்சர் ஆனால் எல்லாரும் நிற்போம், டீக்கு யாரும் யாருக்காகவும் நிற்க மாட்டோம். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இப்படி வைத்துக்கொண்ட குழுக்கள்தான் மாலையிலும் சிரித்த முகத்தோடு வருகின்றன. எட்டுப் பேர் ஒன்றாகவே போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஒத்த வேகமுள்ள மூன்று நான்கு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள். ‘குழு விட்டுவிட்டுப் போனால்’ என்ற பயத்துக்கும் இதுதான் பதில். முதல் 20 கி.மீ.யில் உங்களுக்கு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் யார் போகிறார்களோ அவர்கள்தான் உங்கள் குழு, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அல்ல.

வேகம் பற்றிச் சொல்லும்போது உங்கள் பாதையின் சூட்சுமம் ஒன்று. வேலூர் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டரைச் சற்றுத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, நாட்றம்பள்ளி என்று போகப் போகத் தரை மெல்ல ஏறும், கிருஷ்ணகிரிப் பக்கம் 500ஐ நெருங்கும். கண்ணுக்கு ஏற்றம் தெரியாது. அதோடு இந்தப் பருவத்தில் வடகிழக்குக் காற்று. நீங்கள் தென்மேற்கே போவதால் போகும்போது அது முதுகில் தள்ளும். அதனால் ஏற்றமும் உறைக்காது, எல்லாரும் 25இல் பறப்பார்கள், கால் இன்று தங்கமாக இருக்கிறது என்பார்கள். திரும்பினதும் அதே காற்று முகத்தில். இறக்கம்தானே, சுலபமாக வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் மாதனூர் வருவதற்குள் வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருப்பார்கள். போகும்போது கொஞ்சம் அடக்கியே ஓட்டுங்கள். எதிர்காற்றில் வேகத்தைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தால் உழைப்புதான் எகிறும், வேகம் கூடாது. கியரைக் குறைத்து, பெடலைச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் வழி.

அங்கேதான் குழு உதவும். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்ள, பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். பிரெவேயில் சக ஓட்டிகளின் பின்னால் ஒட்டிப் போக அனுமதி உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிக் கடைசிக்கு வர வேண்டும். பழக்கமில்லாதவர்கள் மூன்றடி இடைவெளிக்குக் கீழே போகவேண்டாம். உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் மட்டும் போகக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் வருகிறவர்தான். குழி, கல், கண்ணாடித்துண்டு எது வந்தாலும் முன்னவர் கையைக் காட்டிக் குரலும் கொடுக்க வேண்டும். சொல்லாமல் பிரேக் பிடிக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர்–ஆற்காடு சாலையில் நண்பர்களோடு பழகிக்கொள்ளுங்கள், பிரெவே அன்றைக்குக் கற்றுக்கொள்கிற வித்தை இல்லை இது.

குளிர். சிம்லாவுக்குப் போகிற மாதிரி கேட்டிருக்கிறீர்கள். ஜனவரி விடியற்காலையில் நம் பக்கம் 17, 18 டிகிரி இருக்கும். ஏரிக்கரையை ஒட்டியும் பாலாற்றங்கரையிலும் இன்னும் கொஞ்சம் குறையும், பனி இறங்கினால் கண்ணாடி மங்கும். அவ்வளவுதான். ஆனால் ஓடும்போது காற்று நெஞ்சில் அறையும். அதற்கு மடித்துப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று. அது இல்லையென்றால் பழைய ஆட்கள் செய்கிற வேலை: தினத்தந்தித் தாள் இரண்டை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் வைத்துக்கொள்வது. காற்றை அருமையாகத் தடுக்கும், எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் எடுத்துப் போட்டுவிடலாம். காதுக்குப் பருத்தித் துணி, கைக்கு கிளவுஸ். மங்கிக் குல்லாவுக்கு மேல் ஹெல்மெட் உட்காராது, ஆகவே அது வேண்டாம். ஸ்வெட்டரும் வேண்டாம். அரை மணி நேரத்தில் வியர்வையில் நனைந்து, நின்றதும் அதுவே குளிரெடுக்கும்.

குளிரின் உண்மையான ஆபத்து வேறு. தாகம் எடுக்காது. காலை 6 முதல் 9 வரை தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் ஓட்டுவார்கள், குளிரில் சிறுநீர் வேறு அதிகம் போகும், ஓடும் வேகத்துக் காற்றில் வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். பிறகு பதினொரு மணிக்கு மேல் நம் வேலூர் வெயில் தன் வேலையைக் காட்டும். ஜனவரியிலும் மதியம் 29, 30 டிகிரி வரும். வாணியம்பாடி பைபாஸில் ஒரு மணிக்கு ஆடுசதையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கேட்டால், காலையில் எவ்வளவு குடித்தீர்கள் என்பதற்குப் பதில் இருக்காது. தாகம் எடுக்கிறதோ இல்லையோ, கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மடக்கு. மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறினதும் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலக்கலாம். பொட்டலத்தில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான், கெட்டியாகக் கலந்தால் வயிறு புரட்டும்.

சாப்பாடும் இப்படித்தான். பசி வந்த பிறகு சாப்பிட்டால் தாமதம். கிளம்பும் முன் நாலு இட்லி. அப்புறம் அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ, பெடல் மிதித்துக்கொண்டே. பேரீச்சம்பழம் நல்லது, கொட்டை எடுத்ததாக வாங்குங்கள். திரும்பும் வழியில் ஆம்பூர் சரியாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான பசிக்கு வரும், நண்பர்கள் கட்டாயம் பிரியாணிக்குத் திருப்புவார்கள். போகாதீர்கள். அந்தச் சீரகசம்பா சோறும் கத்திரிக்காய்க் கட்டாவும் வயிற்றில் இருக்கும்போது இன்னும் 50 கி.மீ. எதிர்காற்று என்பது தண்டனை. தயிர்சாதம் அரைத் தட்டு, ஒரு டீ, கிளம்புங்கள். பிரியாணிக்காக மறுநாள் தனியாகப் போய்வருவதுதான் அந்தப் பிரியாணிக்கும் மரியாதை.

எம்.டி.பி. தாராளமாகப் போதும், ஆனால் அந்தப் பட்டன் வைத்த டயரோடு வேண்டாம். ஒன்றரை அங்குல வழவழப்பான டயர் இரண்டு வாங்கி மாட்டுங்கள். அதே உழைப்புக்கு வண்டி எவ்வளவு உருள்கிறது என்று அன்றே தெரியும். முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் ஆட்டத்தை நிறுத்தும் லாக் இருந்தால் பூட்டிவிடுங்கள். சீட் உயரம்: உட்கார்ந்து குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். பெரும்பாலானவர்கள் தாழ்த்தி வைத்துக்கொண்டு முட்டி வலி என்பார்கள். பேட் வைத்த ஷார்ட்ஸ் நல்லதாக ஒன்று. அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல் அறுத்துவிடும். தொடையிடுக்கில் வாசலின்.

உங்கள் வண்டிக்கு ஒரு சௌகரியம் உண்டு. எம்.டி.பி.யில் பெரும்பாலும் மோட்டார் பைக் டியூபில் இருக்கிற அதே தடித்த வால்வுதான். எந்த பங்க்கிலும் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றுப் பிடிக்கலாம். ரோடு பைக் வைத்திருக்கும் நண்பர்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு. கடைக்காரர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார். அவர்களைச் சின்ன பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கிப் பையில் போடச் சொல்லுங்கள்.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், நாம் ஓட்டுகிற இடத்தில், வெடித்த லாரி டயர்களின் துண்டுகள் கிடக்கும். அதிலிருக்கும் இரும்பிழை உதிர்ந்து சாலையோரமெல்லாம் சிதறியிருக்கும். முடி கனம்தான், அரை விரற்கடைகூட நீளம் இருக்காது. அது டயரில் குத்தி நின்றால் வெளியே பார்த்தால் தெரியாது. அவசரத்தில் டியூபை மட்டும் மாற்றிக் காற்றடித்து ஏறுவீர்கள், நாலு கி.மீ. போவதற்குள் மறுபடி தரையில் உட்காரும். டயரின் உட்பக்கத்தை விரல் நுனியால் ஒரு முழுச் சுற்று மெதுவாகத் தடவுங்கள். சுருக்கென்று ஒரு இடத்தில் படும். நகத்துக்குச் சிக்காது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் அரைஞாணில் கட்டியிருந்த முள்வாங்கி இதற்கென்றே செய்தது, வீட்டில் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கிளம்பும் முன் வீட்டிலேயே, டியூபில் ஓட்டை எங்கே, டயரில் எங்கே என்று ஒத்துப் பார்க்க வசதியாக வால்வுக்கு நேராக டயரின் பெயர் வரும்படி மாட்டி வையுங்கள். இரண்டு உபரி டியூப், டயர் கழற்ற மூன்று லெவர், பேட்ச், பம்ப், மல்டிடூல், செயின் அறுந்தால் இணைக்க அதற்குப் பொருந்துகிற குயிக் லிங்க் ஒன்று. இவ்வளவும் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் அடங்கும்.

விளக்கு. ‘200 பகல் பயணம்தானே’ என்பார்கள். ஜனவரியில் சூரியன் எழும்போது மணி 6:35ஐத் தாண்டும், 6 மணிவாக்கில் மறைந்துவிடும். உங்கள் கெடு 7:30 வரை. ஆக இரண்டு முனையிலும் இருட்டு உண்டு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சைக்கிளிலேயே பொருத்தியது, இருட்டில் ஒளிரும் ஜாக்கெட், மூன்றும் கட்டாயம். குழுவில் போகும்போது பின்விளக்கை மினுக்கவிடாமல் நிலையாக எரியவிடுங்கள், பின்னால் வருகிறவர் கண் கூசும். நம் பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று: கரும்பு டிராக்டர். வழியில் கேத்தாண்டப்பட்டியில் சர்க்கரை ஆலை உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் பின்விளக்கே இல்லாமல் இடது ஓரத்தில் ஊர்ந்துகொண்டோ நின்றுகொண்டோ இருக்கும், நாம் போவதும் அதே ஓரம். தரையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் நேராகக் கரும்பில்தான் போய்ச் சொருகுவோம். சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடங்களில் எதிர்ப்பக்கமாக வருகிற இருசக்கர வண்டிகளுக்கும் ஒரு கண். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் இடக்கோடி வழியாகப் போய்விடலாம், நமக்குக் கட்டணம் இல்லை.

பயிற்சிக்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. வாரநாளில் உங்கள் 30 அப்படியே இருக்கட்டும். ஞாயிறு மட்டும் 60, 80, 100, கடைசியாக ஒரு 120. வேலூரிலிருந்து திருவலம், பொன்னை வழியாகச் சோளிங்கர் போய்த் திரும்பினால் நூறை ஒட்டி வரும், வண்டி நடமாட்டமும் குறைவு. திருவண்ணாமலைச் சாலையும் நல்லதுதான், பௌர்ணமியும் தீபமும் வருகிற நாளை மட்டும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணமங்கலம் தாண்டினதும் அடையாளம் பூசாத வேகத்தடைகள் உண்டு. யாராவது ‘ஏலகிரி ஏறினால்தான் கால் வலுக்கும்’ என்று 14 கொண்டை ஊசி வளைவுக்கும் இழுப்பார்கள். ஆசைக்கு ஒருமுறை போங்கள், இந்த 200க்கு அது தேவையில்லை. பிரெவேக்கு முந்தைய வாரம் குறைத்து ஓட்டித் தூங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே உங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் கேட்பது. காரில் பின்தொடர்வது கூடாது. பாதையில் சொந்த வாகன உதவி வாங்கினால் உங்கள் பயணமே கணக்கில் வராது. ஆனால் கன்ட்ரோலில் வந்து சந்திக்கலாம், உதவி செய்யலாம், விதி அனுமதிக்கிறது. ஆகவே மச்சானையும் கூட்டிக்கொண்டு 11 மணிவாக்கில் திரும்பும் இடத்து கன்ட்ரோலுக்கு வந்து தயிர்சாதம் கொடுக்கச் சொல்லுங்கள். போனில் லைவ் லொகேஷன் போட்டுவிடுங்கள், பவர் பேங்க் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சில கன்ட்ரோல்களில் ஆள் இருக்க மாட்டார்கள், நேரம் அச்சிட்ட பில்லோ ஏ.டி.எம். சீட்டோ காட்டச் சொல்வார்கள். அதைச் சட்டைப் பையில் போடாதீர்கள், வியர்வையில் எழுத்து அழிந்துவிடும். சின்ன பிளாஸ்டிக் உறையில், கன்ட்ரோல் நேரங்களைக் குறிக்கும் பிரெவே கார்டோடு சேர்த்து வையுங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்காவது முடியவில்லை என்றால் நிறுத்தலாம். எல்லாரும் டி.என்.எஃப். (முடிக்கவில்லை) என்று சொல்வது அதைத்தான், அதில் ஒரு அவமானமும் இல்லை. ஏற்பாட்டாளருக்கு மட்டும் போன் செய்து சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி அவர் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார். முடித்துவிட்டீர்கள் என்றாலும் அன்று ராத்திரி வேலூரிலிருந்து குடியாத்தத்துக்குச் சைக்கிளிலோ பைக்கிலோ கிளம்பாதீர்கள். பதிமூன்று மணி நேரம் ஓட்டிய உடம்பு நின்ற இடத்தில் தூங்கும். மச்சானின் கார் உண்மையில் தேவைப்படுவது அப்போதுதான். முன்சக்கரத்தைக் கழற்றிப் பின்சீட்டில் போட இரண்டு பழைய போர்வை எடுத்துவரச் சொல்லுங்கள்.